மேற்கோளுக்கு மூலம் காட்டுதல்

சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் அவர்கள் அந்தப் பதிப்பு வேலையில் அனுபவித்த சிரமங்களுள் ஒன்று, ஆராய்ச்சிக் கட்டுரை எழுதப் புகும் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டியதாகும். அக்காவியத்துக்கு உரை வகுத்த நச்சினார்க்கினியர், பண்டை நூல்களின் அடிகளை ஏராளமாக எடுத்தாள்கிறார். ஆயினும் அவை இன்ன நூலைச் சேர்ந்தவை என்னாது, பிறரும் இவ்வாறு கூறினர் என்ற அளவில் பல இடங்களில் நிறுத்திவிடுகிறார். அவர் காலத்துக் கற்றோருக்கு அந்நூல்கள் மனப்பாடமாயிருந்தமையால் அது போதியதாயிருந்திருக்கலாம். அவை வழக்கொழிந்து கிடந்த பத்தொன்பதாம் நூற்றாண்டிலோ, ஓர் அடி எந்நூலினது என்று துணிவதற்கு, ஐயரவர்கள் சங்க நூல்களின் ஏட்டுப் பிரதிகளையே தேடிப் பிடித்து ஒப்புநோக்க வேண்டியதாயிற்று.

சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லாரோ, தமக்கு ஆதாரமான இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் ஆகிய ஐந்தையும் பெயர் சுட்டியே உரைத்தார். பண்டை இசை நாடக நூல்கள் பல மறைந்த பின்னரும், இவை இருந்தன என்பதற்கு அவ்வுரை பிரமாணமாக நிற்கிறது.

வாசகர் மூலத்தை எடுத்துத் தாமே பரிசோதிக்கவும், பிறர் கருத்து எது, கட்டுரையாளரின் சொந்த அபிப்பிராயம் எது என்று பிரித்தறியவும் இடந்தருவதே மூலம் காட்டுவதன் பிரயோஜனம். ஆகையால் ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் ஆகியவை குறிப்பில் இடம்பெற வேண்டும். சங்கப் பாடல்களுக்குப் பக்க எண் பதிப்புதோறும் மாறுமாதலின், நூற்பெயரோடு பாட்டெண்ணையும் அடியெண்ணையும் தருவதும், பாடபேதங்கள் உண்மையால், கையாண்ட பதிப்பு இன்னதென்று சொல்வதும் உத்தமம். அடிக்குறிப்பாகத் தருவதா, ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் வாக்கியத்தினூடே அடைப்புக்குறிக்குள் தருவதா என்பது அவரவர் துறையின் வழக்கம். சிகாகோ பல்கலைக்கழக அச்சகம் 1906 முதல் வெளியிட்டுவரும் நெறிநூல் இன்று இரு முறைகளையும் விளக்குகிறது. கைக்கொண்ட முறை கட்டுரை முழுவதும் மாறாதிருத்தலே முக்கியம்.

சொற்களை மாற்றிச் சுருக்கி எழுதினாலும், கருத்து பிறருடையதாயின் அவர் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும். உரையொன்றில் கண்ட அடியை, மூலநூலையே படித்தறிந்ததுபோல் காட்டுவதும் பிழை. உரையின் வழியே கிடைத்தது என்று எழுதிவிடுவதே நேர்மை. இன்று எளிதிற் கிடைக்கும் புத்தகம் நாளையும் கிடைக்கும் என்பது நிச்சயமன்று. ஆதலின், நூறாண்டு கழித்து வரும் வாசகரையும் மனத்திற்கொண்டு குறிப்பெழுதுங்கள்.