பெட்டிக்கடைப் படஅட்டையும் உரிமைக் காகிதமும்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை செல்லும் வீதியில், இறக்கக்கண்டிப் பாலத்துக்கு அண்மையில் ஒரு பெட்டிக்கடை. வாசலில் ரொபி, பிஸ்கட் பொதிகளுடன் படஅட்டைப் பொதிகளும் தொங்குகின்றன. பாடசாலை விட்டதும் சிறுவர்கள் வந்து வாங்கி, அங்கேயே பிரித்துப் பார்க்கிறார்கள். உள்ளே தமிழ்ப்பட நாயகர்கள், ஸ்பைடர்மேன், தொலைக்காட்சியில் வரும் மல்யுத்த வீரர்கள். ஒரே படம் இரண்டு வந்தால் ஒன்றைக் கொடுத்து வேறொன்றை மாற்றிக்கொள்கிறார்கள்.

ஒரு பொதியை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அச்சிட்டவரின் பெயர் இல்லை. யாரிடம் அனுமதி பெறப்பட்டது என்ற குறிப்பும் இல்லை.

கடைக்காரரைக் குறை சொல்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல. அவர் மொத்த வியாபாரி கொடுத்ததை விற்கிறார். ஆனால் அந்த அட்டையிலுள்ள முகமும் படமும் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி, எமது ஊர்களில் ஸ்டிக்கர் அடிப்பவர், ரீசேட்டில் படம் பதிப்பவர், கணினியில் ஓவியம் வரைந்து விற்கும் இளைஞர் என எல்லோரையும் தொடுகிறது.

ஓர் அட்டை, பல சொந்தக்காரர்

திரைப்படக் காட்சி ஒன்றை அட்டையில் அச்சிடுவதென்றால் ஒருவரிடம் மட்டும் கேட்டால் போதாது. காட்சியின் பதிப்புரிமை பொதுவாகத் தயாரிப்பாளரிடம் இருக்கும். படத்தின் பெயரும் அதன் எழுத்து வடிவமும் வியாபாரக் குறியாகப் பதியப்பட்டிருக்கலாம். நடிகரின் முகத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்த அவருடைய சம்மதம் தேவைப்படலாம். ஓவியமாக வரைந்திருந்தால் ஓவியருக்கும் உரிமை உண்டு.

இதைக் காணி விடயத்தோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். உரிமம் என்பது குத்தகை. சொந்தக்காரர் மாறுவதில்லை, குறித்த காலத்துக்கு, குறித்த தேவைக்குப் பயன்படுத்த விடுகிறார். உரிமையையே எழுதிக் கொடுப்பது அறுதி உறுதி முடிப்பது போன்றது. அதன் பிறகு அது உங்களுடையதல்ல.

உரிம ஒப்பந்தத்தில் எந்தப் பொருளுக்கு, எந்த நாட்டில், எத்தனை வருடத்துக்கு என்பவை எழுதப்படும். விற்பனையில் ஒரு வீதம் ரோயல்டியாகப் போகும். ஒரு பேச்சுக்கு, பொதியொன்றை மொத்த விலையில் 40 ரூபாவுக்கு விற்று, 10 வீதம் ரோயல்டி என்று ஒப்புக்கொண்டால், 5,000 பொதிக்கு 20,000 ரூபா கொடுக்க வேண்டும். பல ஒப்பந்தங்களில் ‘ஆகக் குறைந்த உத்தரவாதத் தொகை’ என்று ஒன்றும் இருக்கும். அது 50,000 ரூபா என்றால், பொதிகள் விற்றாலும் விற்காவிட்டாலும் 50,000 ரூபாவைச் செலுத்தியே ஆக வேண்டும். சிறிய தயாரிப்பாளர்களால் தாங்க முடியாத இடம் இதுதான்.

முகத்துக்கும் விலை உண்டு

அமெரிக்காவில் சுவிங்கம் பொதிக்குள் பேஸ்போல் வீரர்களின் அட்டைகளை வைத்து விற்பது பெரிய வியாபாரமாக இருந்தது. வீரர்களின் படங்களுக்காக ஹேலன், டொப்ஸ் என்ற இரு நிறுவனங்கள் மோதிக்கொண்டன. 1953இல் அந்த வழக்கைத் தீர்த்த மேன்முறையீட்டு நீதிமன்றம், தன் படத்தின் விளம்பரப் பெறுமதி மீது ஒருவருக்குத் தனியான உரிமை உண்டு என்று சொன்னது. பிரபலங்களின் முகத்துக்கான உரிமை பற்றிய இன்றைய சட்டப் பேச்சு பெருமளவில் அந்த அட்டை வழக்கிலிருந்தே தொடங்குகிறது.

அதே டொப்ஸ், 1977இல் ‘ஸ்டார் வோர்ஸ்’ திரைப்படத்துக்கு உரிமம் பெற்று அட்டைகளை வெளியிட்டது. முதல் தொகுதியில் 66 அட்டைகள். ஐந்து தொகுதிகளிலும் சேர்த்து 330. ஆனால் குத்தகைக் காணியில் எவ்வளவு பெரிய வீடு கட்டினாலும் காணி சொந்தமாகாது. 2021 ஒகஸ்டில், பேஸ்போல் அட்டைகளுக்கான அடுத்த உரிமம் பனற்றிக்ஸ் நிறுவனத்துக்குப் போகிறது என்ற செய்தி வந்தது. ஏறத்தாழ எழுபது வருடம் அந்த அட்டைகளை அச்சிட்ட டொப்ஸின் அட்டை வியாபாரத்தை, 2022 ஜனவரியில் பனற்றிக்ஸே வாங்கிவிட்டது.

இந்தியாவிலும் இது நீதிமன்றம் வரை சென்றுள்ளது. தன் பெயரையும் பாணியையும் பயன்படுத்தி எடுக்கப்பட்ட ஹிந்திப் படத்துக்கு எதிராக ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் அவருக்குச் சார்பாகத் தடை வழங்கியது. பார்ப்பவருக்கு இன்னார் என்று அடையாளம் தெரிந்தாலே போதும் என்பது அதன் நிலைப்பாடு.

ஆனால் 2023 ஏப்ரலில் டில்லி உயர் நீதிமன்றம் வேறொரு பக்கத்தைக் காட்டியது. அது கிரிக்கெட் வீரர்களின் டிஜிட்டல் அட்டைகள் பற்றிய வழக்கு. வீரர்களுடன் ஒப்பந்தம் செய்திருந்த நிறுவனம், ஒப்பந்தமில்லாமல் அட்டை வெளியிட்ட மற்றொரு நிறுவனத்தைத் தடுக்கக் கோரியது. எல்லோருக்கும் தெரிந்த ஆட்டத் தகவல்களையும் வீரர்களை வரைந்த ஓவியங்களையும் பயன்படுத்துவதைத் தடுக்க முடியாது என்று கூறி நீதிமன்றம் இடைக்காலத் தடையை மறுத்தது. முகத்துக்கான உரிமை எல்லையற்றதல்ல.

எமது நாட்டில்

இலங்கையில் இதற்குரியது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம். ஒரு படைப்பு உருவானதுமே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை. படைப்பாளியின் வாழ்நாளும் அவர் இறந்த பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். பேர்ண் உடன்படிக்கையில் இலங்கையும் இந்தியாவும் இருப்பதால் சென்னைப் படத்துக்கு இங்கும் பாதுகாப்பு உண்டு. தெரிந்துகொண்டே உரிமையை மீறுபவருக்கு நீதவான் நீதிமன்றம் 5 இலட்சம் ரூபா வரை தண்டப்பணமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். போலி என்று தெரிந்தும் விற்பனைக்கு வைத்திருப்பதும் குற்றம். 160ஆம் பிரிவு, பிரபலம் ஒருவரையோ புகழ்பெற்ற கற்பனைப் பாத்திரத்தையோ காட்டி வாடிக்கையாளரைக் குழப்புவதை நியாயமற்ற போட்டி என்கிறது.

கேட்க ஆளில்லாத படங்கள்

ஒருவர் நேர்மையாகவே இலங்கைத் தமிழ்ப் படங்களைக் கொண்டு அட்டைத் தொகுதி வெளியிட விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1978இல் வந்த ‘வாடைக்காற்று’ நல்ல தெரிவு. காட்சிக்குத் தயாரிப்புத் தரப்பைத் தேட வேண்டும். கதை செங்கை ஆழியானின் நாவல். அவர் 2016இல் காலமானதால் நாவலின் உரிமை 2086 வரை வாரிசுகளுக்கு உண்டு. நடித்தவர்களில் எத்தனை பேரின் குடும்பங்கள் இன்று எந்த நாட்டில் இருக்கின்றன?

பல படங்களுக்கு இந்தத் தேடலே முடியாத காரியம். 1983 ஜூலையில் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது படச்சுருள்களும் எரிந்தன. படம் அழிந்தால் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. காகிதம் அழிந்தால் இது யாருடையது என்று நிறுவுவதற்கும் ஒன்றுமில்லை. இடம்பெயர்விலும் கடற்கோளிலும் காணி உறுதியைத் தொலைத்துவிட்டு, சொந்த வளவுக்கே அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய எமது மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கையெழுத்துக்கு முன்

இனி வரைபவர்களாவது காகிதத்தைக் காப்பாற்ற வேண்டும். வெளிநாட்டிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஒருவர் அட்டைக்கு ஓவியம் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது குத்தகையா, அறுதியா என்பதை. எமது சட்டப்படி இரண்டும் எழுத்தில், இரு தரப்புக் கையெழுத்துடன் இருக்க வேண்டும். காகிதத்தில் குறிப்பிடாத உரிமை கைமாறியதாகக் கொள்ளப்படாது. அட்டைக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் அதே ஓவியத்தை ரீசேட்டில் பதிக்க முடியாது. சம்பளத்துக்கு வேலை செய்யும்போது வரைந்ததென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து வியாபார உரிமை முதலாளிக்குரியது. ஆனால் உங்கள் பெயரைக் குறிப்பிடக் கோரும் உரிமை வியாபார உரிமையோடு சேர்ந்து போய்விடாது.

வரைந்த மூலப்பிரதியையும் திகதியுள்ள கோப்புகளையும் வைத்திருங்கள். ஒப்பந்தத்தின் ஒரு பிரதியை இன்னொரு வீட்டிலும் வையுங்கள். விளங்காத வாசகம் இருந்தால் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டிய பிறகு கையெழுத்திடுங்கள். கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்திலும் விசாரிக்கலாம்.

எமது கடலையும் கதைகளையும் வரையக்கூடிய பிள்ளைகள் இறக்கக்கண்டியிலும் இருக்கிறார்கள். அவர்கள் வரைந்த அட்டை ஒருநாள் அதே பெட்டிக்கடையில் தொங்கினால், அதன் பின்பக்கத்தில் அவர்களின் பெயர் இருக்க வேண்டும்.