கத்தும் பெல்ட்டுக்கு சோப்பு போடாதீர்கள்!

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கார் நிறுத்துமிடத்தில் காலை நேரத்தில் இந்தச் சத்தம் கட்டாயம் கேட்கும். சாவியைத் திருகியதும் 'கீஈஈச்' என்று நீளமாக ஓர் அலறல். சில விநாடிகளில் அடங்கிவிடும். "பெல்ட்டுதான், வண்டி சூடானா சரியாயிடும்" என்று வண்டிக்காரர் கிளம்பிவிடுவார். மாலையில் திரும்பும்போது சத்தம் இருக்காது. மறுநாள் காலை மறுபடியும் அதே கதை.

காலையில் மட்டும் ஏன் கத்துகிறது? ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியிலிருந்து ஏகப்பட்ட மின்சாரம் போய்விடுகிறது. இன்ஜின் ஓடத் தொடங்கியதுமே ஆல்டர்னேட்டர் அதை ஈடுகட்ட முழு மூச்சாக வேலை செய்கிறது. அந்தப் பளுவில் அதன் புல்லியைச் சுற்றுவது கடினம். பிடிமானம் குறைந்த பெல்ட், சுற்ற முடியாமல் அதன்மேல் வழுக்குகிறது. ஈரம் இருந்தால் இன்னும் மோசம். பேட்டரி கொஞ்சம் தேறியதும் பளு குறைகிறது, சத்தமும் நிற்கிறது. ஏசியைப் போட்டதும் கத்துவதும், ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் வண்டியில் சக்கரத்தை முழுக்கத் திருப்பும்போது கத்துவதும் இதே காரணத்தால்தான். சத்தம் நின்றதால் கோளாறு தீர்ந்தது என்று அர்த்தமில்லை.

இதற்கு நம்மூரில் நெடுங்காலமாக ஒரு கைவைத்தியம் உண்டு: துணி சோப்பு. ஓடாத இன்ஜினில் பெல்ட்டின் உள்பக்கம் சோப்புக்கட்டியை நாலு தேய்ப்பு தேய்த்துவிட்டால் சத்தம் போய்விடும். கொஞ்சம் காசு உள்ளவர்களுக்கு அதே வேலையைச் செய்ய ஸ்பிரே டப்பா இருக்கிறது. இரண்டும் செய்வது ஒன்றுதான். வழுக்கல் தொடர்கிறது, நமக்குக் கேட்பதில்லை. வழுக்கும் பெல்ட் சூடாகிறது, உள்பக்கம் கண்ணாடிபோல் பளபளப்பேறி, இருந்த பிடியும் போகிறது. ஸ்பிரேயின் பிசுபிசுப்பில் ரோட்டுப் புழுதி வந்து ஒட்டி, பெல்ட்டின் பள்ளங்களில் அடைந்துகொள்கிறது. பெல்ட் தயாரிப்பவர்களே இதைப் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறார்கள். ஆனாலும் கடைகளில் அது விற்பனையாகிக்கொண்டுதான் இருக்கிறது.

சரியான வழி ஒரு பாட்டில் தண்ணீரில் இருக்கிறது. சென்னை புதுப்பேட்டைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மூத்த மெக்கானிக் ஒருவர் அதைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வாய்த்தது. மூடியில் ஆணியால் ஓட்டை போட்ட குடிநீர் பாட்டில்தான் அவருடைய கருவி. காரின் சொந்தக்காரர் அவசரப்பட்டார்.

"அண்ணே, பெல்ட்ட மாத்திருங்க. எவ்வளவு ஆகும்?"

"போன மாசந்தான சார் மாத்துனீங்க? அதுக்குள்ள எப்படி போகும்? கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சட்டைக் கைய மடிச்சுக்குங்க."

இன்ஜின் ஐட்லிங்கில் ஓட, பெல்ட்டின் வரி விழுந்த பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சினார். சத்தம் சட்டென்று கூடியது. "லூஸ்" என்றார். தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, இழுவிசை போதவில்லை. அதற்கு மாறாக, தண்ணீர் பட்டதும் சத்தம் நின்று, காய்ந்தபின் திரும்பி வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. அவர் அதோடு விடவில்லை. இன்ஜினை நிறுத்தி, டார்ச் அடித்து, வாட்டர் பம்ப்பின் அடியைக் காட்டினார். காய்ந்த கூலன்ட் வெளிர் பச்சையில் உப்புப் படிந்ததுபோல் ஒட்டியிருந்தது. பம்ப் ஒழுகி, துளித்துளியாகப் பெல்ட்டின்மேல் தெறித்திருக்கிறது. எத்தனை புது பெல்ட் போட்டாலும் அந்த ஒழுக்கை அடைக்காமல் அது நனைந்து வழுக்கத்தான் செய்யும்.

சத்தத்தின் வகையையும் காது பழகிக்கொள்ள வேண்டும். நீளமான அலறல் வழுக்கல். குருவி கத்துவதுபோல் விட்டுவிட்டு வரும் 'கீச் கீச்' பெரும்பாலும் புல்லி நேரில்லாத கோளாறு. ஆல்டர்னேட்டரைக் கழற்றி வேறு மாட்டும்போது ஓரிரு மில்லிமீட்டர் முன்பின்னாக உட்கார்ந்தாலும் இது வரும். பெல்ட்டை ஒரு வரி தள்ளி மாட்டியிருந்தாலும் வரும். 'கரகர'வென்று அரைத்தால் பேரிங். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றிப் பார்த்தால் எது சொரசொரக்கிறது, எது ஆடுகிறது என்று கைக்கே தெரிந்துவிடும்.

பெல்ட்டைப் புரட்டிப் பார்த்து "வெடிப்பே இல்ல, நல்லாத்தான் இருக்கு" என்பது பழைய கணக்கு. முன்பு நியோப்ரீன் ரப்பர், வயதானால் வெடிக்கும். இப்போது வருவது இ.பி.டி.எம். ரப்பர். வெடிக்காமல் டயரைப்போல் தேய்ந்துகொண்டே போகும். வரிகளின் ஆழத்தை அளந்து பார்த்தால்தான் தேய்மானம் தெரியும். புதிதாக வாங்கும்போது எண்ணையும் பாருங்கள். 6பிகே1200 என்றால் ஆறு வரி, 1200 மில்லிமீட்டர் நீளம். "கொஞ்சம் நீளம், அட்ஜஸ்ட் ஆயிடும்" என்று கொடுப்பதை வாங்க வேண்டாம்.

பெல்ட், அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், வழிநடத்தும் ஐட்லர் புல்லி எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றிவிட்டால் தேடிக்கொண்டிருக்க வேண்டாமே என்று சொல்பவர்கள் உண்டு. லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு அது நியாயமான யோசனைதான்.

கார்களைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை. பெல்ட் அறுந்தால் பேட்டரி விளக்கு எரியும், சூடு ஏறும், ஓரமாக நிறுத்தி ஆளைக் கூப்பிடலாம். என் பயமெல்லாம் மலை ஏறும் பழைய டீசல் வேன்களைப் பற்றியது. பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப், டிரைவர்கள் டைனமோ என்று சொல்லும் அந்த ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அதைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான். அது அறுந்தால் மிச்சமிருக்கும் வேக்குவத்தில் இரண்டு மூன்று மிதிக்கு பிரேக் பிடிக்கும். அதன்பின் பெடல் கல்லாகிவிடும். பிரேக் முழுக்கப் போய்விடுவதில்லை. முழுப் பலத்தையும் போட்டு மிதித்தால் பிடிக்கும். ஆனால் 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில், ஆள் நிரம்பிய வேனில், பவர் ஸ்டியரிங்கும் சேர்ந்து இறுகிப்போன நேரத்தில், அந்தப் பலம் எல்லா டிரைவருக்கும் உடனே வந்துவிடுமா?

இந்த இடத்தில்தான் சோப்பு எனக்கு ஆத்திரமூட்டுகிறது. கத்துகிற பெல்ட் நாள்கணக்கில் எச்சரிக்கை கொடுக்கிறது. சவாரி கெட்டுவிடக் கூடாதென்று அதன் வாயை அடைத்து, அதே வண்டியில் குழந்தை குட்டிகளை ஏற்றி மலைக்கு அனுப்புவது எந்த வகையில் சரி? பழைய லாரி டிரைவர்கள் கேபினில் ஒரு ஃபேன் பெல்ட்டை ஸ்பேராக வைத்திருப்பார்கள். விரலால் அழுத்தி, ஏறக்குறைய அரை அங்குலம் தணிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். அளவுக்கு மேல் இறுக்கினால் வாட்டர் பம்ப் பேரிங்கும் டைனமோ பேரிங்கும் போய்விடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். வாடகை வேன்களில் இந்தப் பழக்கம் மறைந்துகொண்டே வருகிறது.

டிரைவர் தம்பிகளுக்கு ஒன்று. மலைச்சாலையில் ஓடும் வண்டியில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தால், "பேட்டரிதானே, ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்று ஓட்டாதீர்கள். முதலில் பெல்ட்டைச் சந்தேகப்படுங்கள். கியரைக் குறைத்து, இன்ஜின் பிடியிலேயே வேகத்தை அடக்கி, அகலமான இடத்தில் நிறுத்துங்கள். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டால் மிச்சமிருக்கும் வேக்குவமும் தீர்ந்துவிடும்.

கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு வேன் பேசத் தொடங்கிவிடுவார்கள். கம்பத்திலிருந்து குமுளி ஏறும் பாதையில் இரவும் பகலும் வண்டி போகும். குருசாமிகளே, அட்வான்ஸ் கொடுக்கும் முன் வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கேளுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது, அதுவும் காலையில். முகப்பு விளக்கு, ஏசி எல்லாவற்றையும் போடச் சொல்லுங்கள். கத்தினால் காரணத்தைச் சரிசெய்து கொண்டுவரச் சொல்லுங்கள். ஸ்பேர் பெல்ட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். "சோப்பு போட்டா சரியாயிடும் சாமி" என்று பதில் வந்தால், வேறு வண்டி பேசுங்கள்.