வெப்பமூட்டும் எண்ணெய் முதலீட்டு அறிவுரைகளின் எடுகோள்கள்

வெப்பமூட்டும் எண்ணெய் என்பது குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக வைத்திருப்பதற்காக உலைகளிலும் கொதிகலன்களிலும் எரிக்கப்படும் பெட்ரோலிய எரிபொருள் ஆகும். இது டீசலுக்கு மிக நெருங்கிய உறவுடையது. ஐக்கிய அமெரிக்காவில் சுமார் 50 இலட்சம் வீடுகள் இதை முதன்மை எரிபொருளாகப் பயன்படுத்துகின்றன. அவற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மெய்ன், மாசசூசெட்ஸ், கனெடிகட், நியூயார்க், பென்சில்வேனியா முதலிய வடகிழக்கு மாநிலங்களில் உள்ளன.

இந்த எரிபொருளைச் சுற்றி இரண்டு வகையான முதலீட்டு அறிவுரைகள் வழங்கப்படுகின்றன. ஒன்று, குளிர்காலத்தில் விலை ஏறும் என்பதால் அதன் மீது சந்தையில் பணம் போடலாம் என்பது. மற்றொன்று, கோடையிலேயே வீட்டுக்கு வேண்டிய எண்ணெய்க்கு விலை பேசி முன்பணம் கட்டிவிடலாம் என்பது. இரண்டும் கேட்பதற்கு இயல்பான அறிவு போலத் தோன்றுகின்றன. ஆனால் அவை சொல்லப்படாத சில எடுகோள்களின் மீது நிற்கின்றன.

சந்தையின் அமைப்பு

நியூயார்க் வணிகப் பண்டச் சந்தையில் வெப்பமூட்டும் எண்ணெய்க்கான முன்பேர வணிகம் 1978 இல் தொடங்கியது. குறிப்பிட்ட அளவு எண்ணெயை, குறிப்பிட்ட மாதத்தில், இன்று பேசிய விலைக்கு நியூயார்க் துறைமுகத்தில் ஒப்படைப்பதற்கான உடன்பாடே முன்பேர ஒப்பந்தம். ஓர் ஒப்பந்தத்தின் அளவு 42,000 கேலன், அதாவது 1,000 பீப்பாய். எனவே விலை கேலனுக்கு 1 சென்ட் மாறினால் ஒப்பந்தத்தின் மதிப்பு 420 டாலர் மாறும்.

ஆப்ஷன் எனப்படும் விருப்புரிமை ஒப்பந்தம் இதிலிருந்து வேறுபட்டது. இதில் வாங்குபவர் பிரீமியம் எனும் கட்டணத்தைச் செலுத்தி, முன்பேர ஒப்பந்தத்தைக் குறித்த விலைக்கு வாங்கும் உரிமையை மட்டும் பெறுகிறார். குறித்த நாளுக்குள் சந்தை விலை அந்த விலையைத் தாண்டாவிட்டால் உரிமை மதிப்பிழக்கும். கட்டிய பிரீமியம் முழுவதும் போய்விடும். பொதுமக்களிடம் பெரும்பாலும் விற்கப்படுவது இவ்வகை ஒப்பந்தமே.

முதல் எடுகோள்: குளிர்காலம் சந்தைக்குத் தெரியாது

சனவரியில் குளிரும் என்பது அறிவுரை சொல்பவருக்கு மட்டுமே தெரிந்த செய்தி அன்று. சுத்திகரிப்பு ஆலைகளும் மொத்த வணிகர்களும் சேமிப்புக் கிடங்கு உரிமையாளர்களும் அதை அறிவார்கள். அதனால்தான் குளிர்காலத்துக்கு முன்பே எண்ணெய் இருப்பைப் பெருக்குகிறார்கள்.

சூலை மாதத்திலேயே சனவரி எண்ணெய்க்குத் தனி விலை உண்டு. குளிர்காலத் தேவை பற்றிய எதிர்பார்ப்பு அந்த விலையில் ஏற்கெனவே அடங்கியிருக்கும். சனவரி விலை அளவுக்கு மீறி உயர்ந்திருந்தால், கிடங்கு வைத்திருப்பவர் கோடையில் எண்ணெயை வாங்கிச் சேமித்து, சனவரி ஒப்பந்தத்தை இன்றே விற்றுவிடுவார். இத்தகைய வணிகம் பெருகும்போது இரு விலைகளுக்கும் இடையிலான வேறுபாடு சேமிப்புச் செலவு, வட்டி, காப்பீடு ஆகியவற்றின் அளவை நோக்கிச் சுருங்கும்.

ஆகவே இலாபம் பெறக் குளிர்காலம் வந்தால் மட்டும் போதாது. சந்தை எதிர்பார்த்ததைவிடக் கடுமையான குளிரோ, எதிர்பாராத தட்டுப்பாடோ வர வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த பருவகாலத் தேவையைக் காட்டி எளிதாக இலாபம் ஈட்டலாம் எனும் விளம்பரங்களை நம்ப வேண்டாம் என்று அமெரிக்க அரசின் பண்ட முன்பேர வணிக ஒழுங்காணையம் பொதுமக்களை எச்சரித்திருப்பதும் இக்காரணத்தாலேயே.

இரண்டாம் எடுகோள்: விலையைத் தீர்மானிப்பது குளிர்

குளிர் விலையைப் பாதிப்பது உண்மை. 1989 திசம்பரிலும் 2000 தொடக்கத்திலும் கடுங்குளிரும் குறைந்த கையிருப்பும் சேர்ந்து வடகிழக்கில் விலையைத் திடீரென உயர்த்தின. 2000 இல் நேர்ந்த நெருக்கடிக்குப் பிறகே அமெரிக்க அரசு வடகிழக்கு வீட்டு வெப்பமூட்டும் எண்ணெய்க் கையிருப்பை 20 இலட்சம் பீப்பாய் அளவில் ஏற்படுத்தியது. 2011 இல் அது 10 இலட்சமாகக் குறைக்கப்பட்டது.

எனினும் விலையின் பெரும்பகுதி கச்சா எண்ணெயின் விலையே. 2008 சூலையில், கோடையின் நடுவில், கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. வெப்பமூட்டும் எண்ணெயின் முன்பேர விலையும் கேலனுக்கு 4 டாலரைத் தாண்டியது. உலகப் பொருளாதாரம் சரிந்த அதே ஆண்டின் திசம்பரில், உண்மையான குளிர்காலத்தில், அது 1.50 டாலருக்கும் கீழே இறங்கியது. 2016 சனவரியில் கச்சா எண்ணெய் மிகுதியால் 1 டாலருக்கும் கீழே சென்றது.

மேலும், 2013 முதல் இந்த முன்பேர ஒப்பந்தத்தின் தரம் மிகக் குறைந்த கந்தகம் கொண்ட டீசலாக மாற்றப்பட்டுள்ளது. எனவே லாரிப் போக்குவரத்து, ஏற்றுமதி, ஐரோப்பாவின் தேவை, போர் ஆகிய அனைத்தும் இதன் விலையை அசைக்கின்றன. உருசியா உக்ரைன் மீது படையெடுத்த 2022 இல், குளிர்காலம் முடிந்த பின்னும் விலை உச்சத்தில் நின்றது.

மூன்றாம் எடுகோள்: விலை ஏறினால் முதலீட்டாளருக்கு இலாபம்

இதைக் கற்பனையான எண்களால் விளக்கலாம். முன்பேர விலை கேலனுக்கு 2.50 டாலர் என்க. ஒருவர் 2.80 டாலருக்கு வாங்கும் உரிமையைக் கேலனுக்கு 8 சென்ட் பிரீமியம் கொடுத்துப் பெறுகிறார். 42,000 கேலனுக்கு அவர் கட்டுவது 3,360 டாலர். இதனுடன் 210 டாலர் தரகும் உண்டு.

உரிமை முடியும் நாளில் விலை 2.75 டாலருக்கு உயர்ந்திருந்தால், எண்ணெய் 10 விழுக்காடு ஏறியிருக்கும். அறிவுரை சொன்னவரின் கணிப்பும் பலித்திருக்கும். ஆனால் 2.80 டாலரை எட்டாததால் முதலீட்டாளர் 3,570 டாலர் முழுவதையும் இழப்பார். அவர் போட்ட பணத்தை மீட்கவே விலை 2.885 டாலருக்கு உயர வேண்டும். தரகர் தம் கூலியை எந்த நிலையிலும் பெற்றுவிடுவார்.

கடையில் எண்ணெய் விலை ஏறியதைக் கண்டு சந்தையில் இலாபம் கிடைத்திருக்கும் என எண்ணுவதும் பிழையே. வீட்டார் செலுத்தும் விலையில் கொண்டுசேர்க்கும் செலவும் விற்பனையாளரின் இலாபமும் அடங்கும். அவை முன்பேர விலையில் இல்லை.

நான்காம் எடுகோள்: இது வீட்டுச் செலவுக்குப் பாதுகாப்பு

எண்ணெய்க் கட்டணம் உயர்ந்தாலும் ஒப்பந்த இலாபம் அதை ஈடுசெய்யும் என்றும் சொல்லப்படுகிறது. ஒரு வீடு ஆண்டுக்கு 600 கேலன் எரிப்பதாகக் கொண்டால், ஓர் ஒப்பந்தம் 70 வீடுகளின் ஆண்டுத் தேவைக்குச் சமம். ஒரு வீட்டின் செலவைக் காப்பதற்கு இந்த அளவு பொருந்தாது. பல வீடுகளுக்கு எண்ணெய் விற்கும் வணிகருக்கு இது இடர்காப்பு. தனி வீட்டாருக்கு இது ஊகவணிகமே.

கோடையில் முன்பணம் கட்டுதல்

எண்ணெய் விற்பனையாளர்கள் வீட்டாருக்கு நிலையான விலை, உச்சவரம்பு விலை, முன்பணத் திட்டம் எனப் பல ஏற்பாடுகளை அளிக்கின்றனர். கோடையில் வாங்குவதே மலிவு என்பது இங்குள்ள எடுகோள். வரலாறு இரு விதமாகவும் நடந்துள்ளது. 2008 கோடையில் 4 டாலருக்கு மேல் விலையை உறுதிசெய்தவர்கள், அந்தக் குளிர்காலத்தில் அக்கம்பக்கத்தார் மிகக் குறைந்த விலைக்கு வாங்குவதைப் பார்க்க வேண்டியிருந்தது. 2021 கோடையில் உறுதிசெய்தவர்களோ, 2022 மார்ச்சில் சில்லறை விலை 5 டாலரைக் கடந்தபோது தப்பித்தனர்.

இரண்டு ஆண்டுகளிலும் அவர்கள் உண்மையில் வாங்கியது காப்பீடு. விலை ஏறினாலும் குடும்பச் செலவு குலையாது என்ற உறுதிக்கு அவர்கள் ஒரு விலை கொடுத்தனர். அதை இலாபம் தரும் முதலீடாகக் காட்டுவதே தவறான அறிவுரை. உச்சவரம்புத் திட்டத்தில் விலை இறங்கினால் அதன் பயனும் கிடைக்கும். ஆனால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

இத்திட்டத்தில் மேலும் இரண்டு எடுகோள்கள் மறைந்துள்ளன. முதலாவது, விற்பனையாளர் குளிர்காலம் வரை நிலைத்திருப்பார் என்பது. அவர் நொடித்துப்போனால் முன்பணம் கட்டியவர் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் நிற்க நேரும். இதனால் மெய்ன், கனெடிகட் போன்ற மாநிலங்கள், முன்பணம் பெறும் வணிகர்கள் எண்ணெய் ஒப்பந்தத்தாலோ பிணைப்பத்திரத்தாலோ அதற்குப் பாதுகாப்பு வைத்திருக்க வேண்டும் எனச் சட்டம் இயற்றியுள்ளன. இரண்டாவது, கோடையில் எல்லோரிடமும் பணம் இருக்கும் என்பது. 600 கேலனுக்கு 4 டாலர் வீதம் 2,400 டாலரை ஆகஸ்டு மாதத்தில் எடுத்துவைக்க இயலாத குடும்பங்களுக்கு இந்த அறிவுரையால் பயனில்லை. அவர்கள் குறைந்த அளவாகக் கேட்கப்படும் 100 கேலனை நிரப்பவே, கடுங்குளிரில், அன்றைய விலையில் திணறுகிறார்கள். அத்தகையோருக்கு உதவவே 1981 முதல் அமெரிக்கக் கூட்டரசின் குறைந்த வருவாய் வீட்டு எரிசக்தி உதவித் திட்டம் நடைமுறையில் உள்ளது.

அறிவுரையை ஆராயும் கேள்விகள்

இத்தகைய அறிவுரையை எதிர்கொள்பவர் கீழ்க்காணும் கேள்விகளைக் கேட்கலாம்:

• சொல்லப்படும் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததா? தெரிந்ததெனில் இன்றைய விலையில் அது ஏன் இன்னும் சேரவில்லை?
• பிரீமியம், தரகு அனைத்தையும் மீட்க விலை எவ்வளவு உயர வேண்டும், எந்த நாளுக்குள்?
• கட்டும் பணம் முழுவதையும் இழந்தால் குடும்பம் தாங்குமா?
• அறிவுரை சொல்பவரின் வருமானம் என் இலாபத்திலிருந்து வருகிறதா, என் வாங்குதலிலிருந்தா?
• முன்பணத் திட்டமெனில், அந்தப் பணத்துக்குச் சட்டப்படியான பாதுகாப்பு உண்டா?
• இதே பணத்தைச் சுவர், கூரை ஆகியவற்றின் வெப்பக் கசிவை அடைக்கச் செலவிட்டால் எத்தனை கேலன் மிச்சமாகும்?

கடைசிக் கேள்வி சந்தைக் கணிப்பைச் சார்ந்ததன்று. எரிக்காத ஒவ்வொரு கேலனும், விலை ஏறினாலும் இறங்கினாலும், வீட்டாருக்கு மிச்சமே.