கருணாபுரத்தில் சிதைகள்! போபாலில் ஒரு குழந்தை!

கள்ளக்குறிச்சி கருணாபுரம். 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கோமுகி ஆற்றங்கரையில் வரிசையாகச் சிதைகள். போட்டோக்காரர்கள் காமிராவைக் கீழே வைக்கவில்லை. பிடித்தா செய்கிறார்கள் இந்த வேலையை?

40 ஆண்டுக்கு முன் டெல்லி போட்டோகிராபர் பாப்லோ பார்த்தலோமியுவுக்கும் இதே கதிதான். வெளிநாட்டு ஏஜென்சிக்குப் படம் அனுப்பிப் பிழைத்தவர். வயது 30கூட ஆகவில்லை.

1984 அவரை உட்கார விடவில்லை. அக்டோபர் 31-ல் இந்திரா சுட்டுக் கொல்லப்பட்டார். டெல்லி பற்றி எரிந்தது. அது ஆறுவதற்குள் டிசம்பர் 3-ல் போபால் விஷவாயு!

ஓடினார். அங்கே ஒரு பச்சைக் குழந்தையைப் புதைக்கிறார்கள். கண் மூடவில்லை. கிளிக்!

அந்த ஆண்டின் சிறந்த பத்திரிகைப் படமாக உலகப் போட்டியில் அதுதான் பரிசு வாங்கியது. ரகு ராயும் அதே குழந்தையைப் படம் எடுத்தார்.

குழந்தை யார் பெற்றது? இன்றுவரை தெரியாது.