புற்றுநோய்க்குத் தடுப்பூசி: எந்த அளவுக்கு உண்மை?

"ஹஜ்ரத், புற்றுநோய்க்கு ஊசி வந்துவிட்டதாமே, இப்போதைய சிகிச்சையை நிறுத்திவிட்டு அதற்குக் காத்திருக்கலாமா?" வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்துவிட்டு நம்மிடம் இப்படிக் கேட்கிறார்கள். கூடாது. ஏன் என்பதைப் புரிந்துகொள்வோம்.

தடுப்பூசி என்ற பெயரே நம்மைக் குழப்புகிறது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான ஹெச்பிவி ஊசி, அந்நோயை உண்டாக்கும் வைரஸ் தொற்றாமல் முன்கூட்டியே காப்பது. நாம் இங்கே பேசுவது, நோய் வந்தவருக்குப் போடும் மரபணு சார்ந்த ஊசி.

புற்றுநோய் செல் வெளியிலிருந்து வந்த கிருமி அல்ல. நம் உடலின் செல்லே தடம் மாறியது. அதனால்தான் நோய் எதிர்ப்பு அணுக்கள் அதைப் பல நேரம் கண்டுகொள்வதில்லை. ஆனால் அதன் மரபணுவில் ஆரோக்கியமான செல்லில் இல்லாத பிழைகள் இருக்கும். அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியை ஆராய்ந்து அந்தப் பிழைகளைக் கண்டறிகிறார்கள். அவற்றில் பொருத்தமானவற்றைத் தேர்ந்தெடுத்து, எம்ஆர்என்ஏ என்ற செய்தியாக எழுதி, கொழுப்புத் துகளில் பொதிந்து செலுத்துகிறார்கள். உடல் அந்தச் செய்தியைப் படித்துப் புரதத் துண்டுகளை உருவாக்க, டி செல்கள் எதிரியின் அடையாளத்தைக் கற்றுக்கொள்கின்றன. ஒருவருக்குத் தயாரித்த ஊசி இன்னொருவருக்கு உதவாது. (இது நம் மரபணுவையே மாற்றிவிடும் என்பது வதந்தி. எம்ஆர்என்ஏ செல்லின் உட்கருவுக்குள் போவதில்லை, விரைவில் சிதைந்துவிடும்.)

துருக்கியக் குடும்பங்களைச் சேர்ந்த உகுர் ஷாஹின், ஒஸ்லெம் துரெஜி தம்பதியர் 2008இல் ஜெர்மனியில் தொடங்கிய பயோஎன்டெக் நிறுவனத்தின் முதல் இலக்கே புற்றுநோய்தான். கொரோனா ஊசி பிறகு வந்தது. கணையப் புற்றுநோயாளிகள் 16 பேருக்கு இந்நிறுவனத்தின் ஊசியை நியூயார்க்கில் செலுத்திப் பார்த்தார்கள். 2023இல் முடிவு வெளியானது. 8 பேரின் உடலில் டி செல்கள் விழித்துக்கொண்டன. அவர்களுக்கு நோய் திரும்புவது தள்ளிப்போனது. மற்ற 8 பேருக்கு அந்த விளைவு இல்லை.

மாடர்னாவும் மெர்க்கும் 157 தோல் புற்றுநோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், கீட்ரூடா மருந்தை மட்டும் பெற்றவர்களைவிட அதோடு ஊசியும் பெற்றவர்களுக்கு, நோய் திரும்பும் அல்லது மரணிக்கும் அபாயம் 44 சதவீதம் குறைந்தது.

இரண்டு ஆய்வுகளிலும் அறுவை சிகிச்சை முதலில் நடந்தது, மருந்துகளும் கூடவே தரப்பட்டன. எதையும் நிறுத்திவிட்டு ஊசி போடவில்லை. கணையப் புற்றுநோய்க்கான அடுத்த கட்ட ஆய்வு, சுமார் 260 பேரை இலக்காக வைத்து 2023இல்தான் தொடங்கியது.