வாடகை சைக்கிள் முதல் கியர் சைக்கிள் வரை

இன்று நாற்பது வயதைத் தாண்டியவர்களில் பலர் சைக்கிள் ஓட்டக் கற்றது வாடகை வண்டியில்தான். தெருமுனைக் கடையில் சில்லறைக் காசைக் கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு வண்டி கிடைக்கும். கடைக்காரர் நோட்டில் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொள்வார். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாத பிள்ளை, பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போடும். அந்த ஒரு மணி நேரத்தை நான்கு பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருவன் ஓட்ட, மற்றவர்கள் பின்னால் ஓடுவார்கள். இதை யாரும் உடற்பயிற்சி என்று சொல்லிக்கொள்ளவில்லை.

அன்று சைக்கிள் என்பது முதலில் உழைப்பின் வாகனம். சென்னை அம்பத்தூரில் 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் தமிழகமெங்கும் ஓடின. கறுப்பு நிறம், கனமான இரும்புச் சட்டம், பின்னால் கேரியர். அதில் அரிசி மூட்டை போகும், பால் கேன் போகும், துணி வியாபாரியின் பொதியும் போகும். வாப்பா வேலை முடிந்து வந்து வண்டியை நிறுத்திய பிறகு கிடைக்கும் நேரம்தான் பிள்ளைகளின் விளையாட்டு நேரம்.

இந்த நிலை 1980-களின் நடுவிலிருந்து மாறத் தொடங்கியது. 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா போன்ற 100 சிசி பைக்குகள் குறைந்த பெட்ரோலில் அதிக தூரம் ஓடின. 1990-களில் ஸ்கூட்டி வந்தது. வேலைக்குப் போகிறவர் பைக்குக்கு மாறியதும், வீட்டுச் சைக்கிள் மூலைக்குப் போனது. சாலையில் வாகனங்கள் பெருகப் பெருக, பிள்ளையைத் தெருவில் ஓட்டவிடவே பெற்றோர் அஞ்சினர். வாடகைக் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

நாம் இன்று கியர் சைக்கிள் என்று வாங்கும் வண்டி பிறந்த இடம் வேறு. 1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், டமல்பைஸ் மலைப்பகுதியில், சில இளைஞர்கள் தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களில் மண்பாதை வழியே கீழே பாய்ந்து விளையாடினார்கள். இறக்கத்தில் பிரேக் சூடேறி அதிலுள்ள கிரீஸ் எரிந்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு புதிதாக நிரப்ப வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர். அந்த விளையாட்டிலிருந்து மலைச் சைக்கிள் உருவானது. 1981-இல் அது பெரிய அளவில் உற்பத்தியாகி விற்பனைக்கு வந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் போட்டியாகவும் ஆனது. இதற்கிடையே, ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 'க்ளிக்' சத்தத்தோடு சரியான பல்சக்கரத்தில் போய் நிற்கும் கியரைக் கொண்டுவந்தது. கியர் மாற்றுவது எவருக்கும் எளிதாயிற்று.

இன்று பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவர்கள் விடியற்காலையில் குழுவாக நெடுஞ்சாலையில் போகிறார்கள். தலையில் ஹெல்மெட், கைப்பேசியில் 2009-இல் தொடங்கிய ஸ்ட்ராவா செயலி. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கும் 'ப்ரவே' ஓட்டங்களும் நம் ஊர்களில் நடக்கின்றன. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் பல ஆயிரம் ரூபாய் இல்லாமல் இந்த வட்டத்துக்குள் நுழைய முடியாது என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது. நான்கு பேர் ஒரு வண்டியைப் பகிர்ந்துகொண்ட பழக்கம் போய்விட்டது.

பெண்களைப் பொறுத்தவரை கதை இன்னும் கவனிக்கத்தக்கது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம், எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். அவர்களில் முஸ்லிம் வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல், தண்ணீர் எடுக்கவும் விளைபொருள் விற்கவும் தாங்களே போனார்கள். வேலைக்காகக் கற்றதுதான், ஆனால் அதில் அவர்கள் கண்ட மகிழ்ச்சி வேலையோடு நிற்கவில்லை. பின்னர் தமிழக அரசின் விலையில்லா சைக்கிள் திட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் பிளஸ் ஒன் மாணவியரின் கைக்கும் வண்டியைக் கொண்டுவந்து சேர்த்தது.

அந்த வண்டிகள் இப்போது என்ன ஆயின? பள்ளிப் படிப்பு முடிந்ததும் பல வீடுகளில் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் துருப்பிடிக்கிறது. மகனுக்கு உரிமம் எடுக்கும் வயது வருமுன்பே பைக் கேட்டு வீட்டில் சண்டை. மகளுக்கோ ஓட்டும் பழக்கமே நின்றுபோகிறது. சர்க்கரை நோயும் முழங்கால் வலியும் நம் உம்மாமார்களை நாற்பதிலேயே பிடித்துக்கொள்ளும் காலத்தில், இது சின்ன இழப்பல்ல.

சமதளமான நம் ஊர்த் தெருக்களுக்கு 21 கியர் தேவையில்லை. சாதாரண வண்டியே போதும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும்படி சீட்டை உயர்த்திக்கொண்டால் வலி வராது. பிரேக் கட்டையையும் செயினையும் ஒருமுறை கடையில் காட்டினால் பழைய வண்டியும் நன்றாக ஓடும். ஃபஜ்ருக்குப் பிறகு, வெளிச்சம் வந்து வாகனங்கள் பெருகுமுன் தெரு நமக்காகக் காலியாகவே கிடக்கிறது. மாடிப்படிக்கு அடியில் உள்ள அந்த வண்டிக்கு இந்த வாரம் காற்றடியுங்கள். முதல் சுற்று மகளுக்கு, அடுத்த சுற்று உம்மாவுக்கு என்று முறை வைத்துக்கொள்ளுங்கள்.