குத்தும் காலும்: உடலின் அறிவு குறித்துச் சில குறிப்புகள்

1

2021இல் பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' வெளிவந்தபோது அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். வடசென்னைக் குத்துச்சண்டைக்காரர்களின் உடலை 'பயிற்றுவிக்கப்படாத, கட்டற்ற ஆற்றல்' என்று அதில் குறிப்பிட்டிருந்தேன். படம் நெடுகப் பயிற்சிக் காட்சிகள் இருந்தும் அப்படி எழுத முடிந்திருக்கிறது. பாராட்டாகத்தான் எழுதினேன். நண்பர்கள் சிலர் அந்த வரியைத் தனியே எடுத்துச் சொல்லி மெச்சவும் செய்தார்கள். வியாசர்பாடித் தோழர் ஒருவர் மட்டும், 'படிச்சேன். ஒருநாள் எங்க வாத்தியார்கிட்ட வா, அப்பால பேசலாம்' என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். போய்வந்த பிறகு அந்த வரி அபத்தம் என்று பட்டது. அபத்தம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. ஏன் என்று விளக்குவதே இக்கட்டுரை. அதற்கு ஒரு குத்து எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் நுணுக்கமாகவே பேச வேண்டியிருக்கிறது. இலக்கியப் பத்திரிகையில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வாத்தியார் (பயிற்சியாளரை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள்) துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தொங்கிக்கொண்டிருந்த மணல்பைக்கு முன்னால் உயரமான ஒரு மேசையைப் போட்டு அதன்மேல் என்னை உட்காரச் சொன்னார். கால் தரையில் படவில்லை. 'குத்து தம்பி' என்றார். குத்தினேன். பை அசைந்ததாகவே தெரியவில்லை. நான்தான் பின்னால் சரிந்தேன். பிறகு இறங்கி நின்று குத்தச் சொன்னார். பை நகர்ந்தது.

'கை அதே கைதான?'

'ஆமாங்க.'

'அப்போ எது தம்பி குத்துச்சு?'

2

இதில் மாயம் ஒன்றுமில்லை, பள்ளிக்கூட இயற்பியல்தான். ஒரு பொருளை எவ்வளவு விசையோடு தள்ளுகிறோமோ அதே விசையோடு அது நம்மையும் தள்ளும். அதற்கு ஈடுகொடுக்க நமக்கு ஒரு பிடிமானம் வேண்டும். அது தரை. நிற்கிறவருக்குத் தரையோடு இருக்கிற ஒரே தொடர்பு பாதம். மேசைமேல் இருந்தபோது எனக்கு அது இல்லை; ஆகவே வெறும் கை மட்டும் போய் விழுந்தது.

வலக்கைக்காரர் ஒருவர் நிற்பதைப் பாருங்கள். இடக்கால் முன்னே, வலக்கால் பின்னே. இடைவெளி ஏறக்குறைய தோள் அகலம், அல்லது சற்றுக் கூடுதல். இரு பாதங்களும் ஒரே கோட்டில் இருந்தால் கழைக்கூத்தாடி கயிற்றில் நிற்பதுபோலத்தான். பக்கவாட்டில் ஒரு தட்டு போதும். இரண்டும் எதிராளிக்கு நேராகப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மார்பு முழுக்கத் திறந்து கிடக்கும். முன்னாலிருந்து அடி விழுந்தால் மல்லாந்து விழ வேண்டியதுதான். எனவே கொஞ்சம் முன்பின்னாக, கொஞ்சம் அகலமாக. முழங்கால்கள் லேசாக மடங்கியிருக்கும். பின்காலின் குதிகால் தரையைத் தொடாமல் சற்றே தூக்கியிருக்கும்.

இப்போது வலக்கையால் ஒரு நேர்க்குத்து. முதலில் வேலை செய்வது கை இல்லை. பின்காலில், விரல்களுக்குப் பின்னால் இருக்கிற மேடு தரையைத் தள்ளுகிறது. தள்ளிக்கொண்டே, பீடித்துண்டை மிதித்து அணைப்பதுபோலத் திரும்புகிறது. அதோடு முழங்கால் திரும்புகிறது, இடுப்பு திரும்புகிறது. இடுப்பு முந்திக்கொள்ள, தோள் பின்தொடர்கிறது. கை கடைசியில் வருகிறது. கனமான, மெதுவான பகுதிகள் முதலில். இலகுவான, வேகமான பகுதிகள் பிறகு. சாட்டையின் பிடி மெதுவாக அசைய நுனி பறப்பதுபோல. முஷ்டி போய்ச் சேரும் அந்தக் கணத்தில் மட்டும் மணிக்கட்டு முதல் முதுகு வரை இறுகுகிறது. இறுகினால் உடம்பின் எடை குத்துக்குப் பின்னால் நிற்கும். இறுகாவிட்டால் கையின் எடை மட்டுமே. முன்கூட்டியே இறுகினாலோ வேகம் போய்விடும். புதிதாக வருகிறவர்கள் செய்வது இந்தக் கடைசித் தவறைத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, முழுபலத்தோடு, ஒன்றும் நடக்காத ஒரு குத்து.

1985இல் வெளியான ஒரு சோவியத் ஆய்வு இதை அளந்து பார்த்தது. தேர்ந்த வீரர்களின் நேர்க்குத்தில் காலின் பங்கு சுமார் 38 சதவீதம், உடல் திருகலின் பங்கு சுமார் 37, கையின் பங்கு சுமார் 24. கீழ்நிலை வீரர்களிடம் கால் சுமார் 16 சதவீதம்தான்; கை 38. ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடரும் இயக்கத்தை இப்படிக் கூறுபோடலாமா என்ற கேள்வி இருக்கிறது. ஆனாலும் திசை தெளிவானது: பயிற்சி என்பது குத்தைக் கையிலிருந்து காலுக்கு இறக்குவது.

முன்கையால் குத்தும்போது கணக்கு வேறு. உலகச் சாம்பியனாக இருந்த ஜாக் டெம்ப்சி 1950இல் வெளியான தன் புத்தகத்தில் இதை 'விழும் அடி' என்று விளக்குகிறார். முன்காலைச் சற்றே தூக்கினால் உடம்பு தானாக முன்னோக்கி விழ ஆரம்பிக்கும். அந்த விழுதலைத்தான் அவர் குத்தாக மாற்றுகிறார். முன்கால் தரையில் பதிந்து உடம்பின் எடையை வாங்கிக்கொள்வதற்குள் முஷ்டி போய்ச் சேர்ந்துவிட வேண்டும். 1919 ஜூலை 4 அன்று ஓஹையோவின் டொலிடோ நகரத்தில், சுமார் 85 கிலோ எடைகொண்ட டெம்ப்சி சுமார் 111 கிலோ எடைகொண்ட ஜெஸ் வில்லார்டை முதல் சுற்றிலேயே 7 முறை வீழ்த்தினார். எடை எவ்வளவு என்பது மட்டும் கேள்வியில்லை; அது நகர்கிறதா, எந்தப் பக்கம் நகர்கிறது என்பதும் கேள்வி.

ஆனால் 'சரியான நிலை' என்று எல்லாக் காலத்துக்கும் ஒன்று கிடையாது. காலை அகட்டி வைத்தால் விசை கூடும்; நகர நேரமாகும். பின்வாங்கிக்கொண்டே குத்தினால் எடை எதிர்த்திசையில் போகிறது, பெரும்பாலும் குத்து செத்துவிடும். காலுக்குக் கால் குறுக்கே போட்டு நடந்தால் அந்தக் கணத்தில் நிற்பதற்கே இடமில்லை. ஆகவே இடப்பக்கம் போக இடக்கால் முதலில், வலப்பக்கம் போக வலக்கால் முதலில். தாய்லாந்தின் முவாய் தாயில் தொடையிலும் காலிலும் உதைக்கலாம். அங்கே முன்காலில் எடையைப் போட்டு நின்றால் அந்தக் காலே உதைபடும். எனவே நிமிர்ந்து, முன்காலை இலேசாக, எந்நேரமும் தூக்கித் தடுக்கத் தோதாக வைத்திருக்கிறார்கள். குத்தின் விசையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வாங்கிய பாதுகாப்பு இது. விதி மாறினால் நிலை மாறுகிறது. அப்படியானால் உடல்நிலை என்பது 'இயற்கை' அல்ல. ஒரு விளையாட்டின் வரலாறு காலில் எழுதப்பட்டிருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

3

இங்கேதான் என் பழைய வரிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. 'இயற்கையான பலம்' என்ற சொல்லாடல் யாரைப் பற்றிப் பேசும்போது வருகிறது?

1908இல் ஜாக் ஜான்சன் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். 1915இல் ஹவானாவில் வில்லார்டிடம் தோற்றார். அதன்பின் 1937 வரை கறுப்பர் எவருக்கும் அந்தப் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பே தரப்படவில்லை. டெம்ப்சி சாம்பியனாக இருந்த காலத்தில் ஹாரி வில்ஸ் என்ற கறுப்பின வீரர் வருடக்கணக்கில் காத்திருந்தும் அந்தச் சண்டை நடக்கவில்லை. காலைப் பற்றி இவ்வளவு தெளிவாக எழுதியவரின் பட்டமும் நிறக்கோட்டுக்கு உள்ளேதான் இருந்தது. புத்தகத்தைப் படிக்கும்போது இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

1937இல் பட்டத்தை வென்ற ஜோ லூயிஸை அன்றைய அமெரிக்கப் பத்திரிகைகள் காட்டு விலங்கோடு ஒப்பிட்டு எழுதின. 1938இல் மாக்ஸ் ஷ்மெலிங்கை 124 வினாடிகளில் வீழ்த்தியபோதும் அதே பாஷைதான். ஆனால் லூயிஸை உருவாக்கியவர் ஜாக் பிளாக்பர்ன், தானும் ஒரு பழைய குத்துச்சண்டைக்காரர். லூயிஸுக்கு அவர் கற்றுக்கொடுத்ததில் முக்கியமானது சமநிலை. காலை உயர்த்தாமல் தரையைத் தேய்த்தபடி சிறுசிறு அடியாக நகர்வது. எந்த இடத்தில் நிறுத்தினாலும் அங்கிருந்தே இரண்டு கையாலும் குத்த முடிகிற மாதிரி நிற்பது. அதாவது பத்திரிகைகள் விலங்கு என்றழைத்தது, ஒரு கறுப்பர் இன்னொரு கறுப்பருக்குக் கைமாற்றித் தந்த படிப்பு. வெள்ளையர் செய்தால் நுட்பம், கறுப்பர் செய்தால் பலம். 'கட்டற்ற ஆற்றல்' என்று நான் எழுதியது வேறு என்ன?

4

மார்செல் மாஸ் 1934இல் நிகழ்த்திய ஓர் உரையில், நடப்பது, நீந்துவது, மண்வெட்டுவது எல்லாமே கற்றுக்கொள்ளப்படும் 'உடல் நுட்பங்கள்' என்றார். முதல் உலகப்போரில் ஆங்கிலேயச் சிப்பாய்களால் பிரெஞ்சு மண்வெட்டியை வைத்துக்கொண்டு பள்ளம் தோண்ட முடியவில்லை என்பது அவர் தரும் உதாரணம். லோயிக் வாக்கான் என்ற சமூகவியலாளர் 1988இல் சிகாகோவின் கறுப்பர் குடியிருப்பில் ஒரு குத்துச்சண்டைக் கூடத்தில் சேர்ந்து மூன்றாண்டுகள் அடிவாங்கிக் கற்றுக்கொண்டு, அதைப் புத்தகமாக எழுதினார். வெளியே கட்டுப்பாடற்ற வன்முறையாகத் தெரிவது உள்ளே எவ்வளவு கறாரான ஒழுங்கு என்பதே அவர் கண்டது.

இதையெல்லாம் வெளியிலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. சிலம்பத்தில் கம்பைக் கையில் கொடுப்பதற்கு முன் காலடிதான் சொல்லித்தருவார்கள். எம்.ஏ. வகுப்பில் புறநானூறு 80ஆம் பாட்டைப் படித்தோம். போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடியது. அரசனின் ஒரு கால் எங்கே இருந்தது, மற்ற கால் எங்கே இருந்தது என்று அதில் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஒன்று மல்லனின் மார்பில், இன்னொன்று அவன் போட்ட பிடியைத் தடுத்தபடி பின்னால். நாங்களோ 'வீரம்' என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டோம். புலவர் பார்த்த காலைத் தமிழ் படித்த நாங்கள் பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை? காலிலிருந்து சூத்திரன் பிறந்தான் என்று புருஷ சூக்தம் சொல்லும் ஒரு சமூகத்தில், கால் ஒன்று தொழப்படும், இல்லாவிட்டால் இழிவாகும். அறிகிற உறுப்பாக அது ஒருபோதும் இருந்ததில்லை. தலைக்கு அறிவு, தோளுக்கு வீரம், காலுக்கு ஊழியம். மூட்டை சுமக்கிறவர், வலை இழுக்கிறவர், நாற்று நடுகிறவர் எல்லோரும் எடையை எந்தக் காலில் வைப்பது, எப்போது மாற்றுவது என்ற கணக்கைப் போட்டபடியேதான் வேலை செய்கிறார்கள். அதை 'உழைப்பு' என்கிறோம். 'அறிவு' என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. படத்தில்கூட டான்ஸிங் ரோஸின் காலைத்தான் எல்லோரும் பார்த்தோம், அது நடனம்போல இருந்ததால். மற்றவர்களின் கால் நம் கண்ணில் படவில்லை.

குத்துச்சண்டையைப் புனிதப்படுத்துவது என் நோக்கமல்ல. நல்ல குத்து என்பது மூளையைக் குலுக்கும் குத்து. குத்துச்சண்டைக்காரர்களுக்கு நேரும் மூளைச்சிதைவைப் பற்றி மார்ட்லண்ட் என்ற மருத்துவர் 1928இலேயே எழுதிவிட்டார். வாத்தியாரிடம் இதைக் கேட்டேன். அவரிடம் புதிதாகச் சேரும் பையன்கள் மூன்று மாதம் யாரையும் குத்தக்கூடாது. தரையில் சாக்பீஸால் போட்ட கோட்டுமேல் காலடி மட்டும்தான். 'நிக்கத் தெரியாதவன்தான் தம்பி அடிபடுவான்' என்றார். விசை எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்துதான் விலகலும் வருகிறது. அவர் சொல்லித்தரும் கால் குத்துவதற்கு மட்டுமானதல்ல, அடிபடாமல் வீடுபோய்ச் சேருவதற்குமானது.

என் பழைய வரியை இங்கே திரும்பப் பெறுகிறேன். அவர்களுடையது பயிற்றுவிக்கப்படாத ஆற்றல் அல்ல. எங்கள் படிப்பால் வாசிக்க முடியாத பயிற்சி. உழைக்கும் உடல்களைப் பற்றி நாம் எழுதும் கதைகளிலும் கவிதைகளிலும் முஷ்டி நிறைய இருக்கிறது. கால் எங்கே இருக்கிறது என்று எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்? நண்பர்கள் விவாதிக்கலாம்.